நீண்ட பயணத்துக்கு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா?

கேள்வி கேட்டவர் நான்கு வரிதான் எழுதியிருக்கிறார். ஆறேழு மாதம் சுற்றப் போகிறார்கள். மோட்டார்ஹோமை, அதாவது கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை, வாடகைக்கு எடுத்தால் கட்டிய பணம் போனது போனதுதான், வாங்கினால் கடைசியில் வண்டியாவது மிஞ்சும், எது சரி என்கிறார். அந்த "வண்டியாவது மிஞ்சும்" என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. எங்களுக்கும் மிஞ்சியது. நான்கு வருடம் மிஞ்சியே நின்றது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம். இரண்டு மாதத்துக்குள் என்றால் யோசிக்காமல் வாடகை. ஐந்தாறு மாதத்துக்கு மேல் என்றால் பழைய வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் எந்த மாதம் விற்கப் போகிறீர்கள் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். நடுவில் இருப்பது இரண்டுங்கெட்டான். கையில் எவ்வளவு இருக்கிறது, ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா என்பதைப் பொறுத்தது.

நீங்கள் இருவர், மிஞ்சிப்போனால் ஒரு குழந்தையோடு மூவர், இதுவரை ஒரு ராத்திரிகூட இந்த மாதிரி வண்டியில் தூங்கியதில்லை என்று வைத்துக்கொள்கிறேன். தூங்கியிருந்தால் கேள்வியே வேறு மாதிரி வந்திருக்கும்.

நாங்கள் வாங்கியது ஒன்பது வயது வண்டி. புதிது வாங்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். புது மோட்டார்ஹோம் விற்பனை நிலையத்தின் வாசலைத் தாண்டியதுமே விலை இறங்க ஆரம்பித்துவிடும். முதல் சில வருடங்களில்தான் அதிகம் இறங்கும். அந்த அடியை வேறு யாரோ வாங்கிக்கொண்டுவிட்டார், நாம் தப்பித்தோம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரி. வண்டியைப் பார்க்கப் போன விதம்தான் தப்பு.

விவரம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் பெல்ட், ஆயில், பிரேக் எல்லாம் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், "தைரியமா வாங்கு" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, என்ஜின் கடைசிவரை ஒரு தொந்தரவும் தரவில்லை. இந்த வண்டிகளின் அடிப்பாகம் சாதாரண சரக்கு வேனுடையது. ஐரோப்பாவில் ஃபியட் டுகாட்டோ மேல் கட்டியவை ஏராளம், வட அமெரிக்காவில் ஃபோர்டு இ வரிசை மேல் கட்டியவை ஏராளம். அது கெட்டால் பார்க்க எங்கேயும் ஆள் இருக்கிறது, உதிரிபாகம் கிடைக்கிறது. அதன் மேல் கட்டிய வீடு கெட்டால்தான் திண்டாட்டம். வண்டிக்குள் அந்த வீட்டுப் பகுதிக்கு வந்த நண்பர் ஓர் அலமாரிக் கதவை இரண்டு தரம் திறந்து மூடினார். அதோடு ஆய்வு முடிந்தது.

பயணத்தின் மூன்றாவது வாரம், இரண்டு நாள் விடாத மழை. பின் பக்கக் கட்டில் ஓரத்தில் திரையை ஒதுக்கிவிட்டுச் சுவரில் கை ஊன்றினேன். விரல் உள்ளே போனது, ஊறிய அட்டைக்குள் போவது போல. கூரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் புகாமல் பூசிய சீலன்ட் பசை வருடக்கணக்கில் வெடித்து, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் மரச்சட்டத்தை அரித்திருக்கிறது. வெளியே தகடு பளபளவென்று இருக்கும், ஒன்றும் தெரியாது. அந்த ஒரு மூலையில் மட்டும் வால்பேப்பர் புதிதாக ஒட்டியிருந்ததை வாங்கும்போதே பார்த்தேன். "பார், எவ்வளவு அக்கறையா வச்சிருக்கார்" என்று மனைவியிடம் சொன்னதும் நான்தான்.

இரண்டு ஊசி வைத்த ஈரமானி என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ஜன்னல் ஓரம், கூரை ஜன்னலைச் சுற்றி, நான்கு மூலைகள், அலமாரிக்குள்ளே என்று வைத்து அழுத்திக்கொண்டே போக வேண்டும். எங்காவது எண் திடீரென்று ஏறினால் வண்டியை விட்டு இறங்கிவிடலாம். நான் அதை வாங்கியது சுவருக்குள் விரல் போன பிறகு.

டயரும் அப்படித்தான். பள்ளம் ஆழமாக இருந்தது, புதுசு மாதிரி என்று நினைத்தேன். டயரின் பக்கவாட்டில் உற்பத்தித் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும்; 2316 என்றால் 2016ஆம் வருடத்தின் 23ஆவது வாரம். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகி வெடிப்பு விட்டுவிடும். ஆறும் மாற்றினோம், பின்னால் இரட்டைச் சக்கரம்.

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. எங்கள் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை 3,500 கிலோ. ஐரோப்பாவில் சாதாரண கார் ஓட்டுநர் உரிமத்துக்கு நெடுங்காலமாக இருந்துவரும் வரம்பு இது. அதற்குள் அடக்க வேண்டும் என்பதற்காகவே பல வண்டிகளை இந்த எடைக்குக் கட்டுகிறார்கள், அதனால் நம் சாமானுக்கு மிஞ்சும் எடை கொஞ்சம்தான். ஆவணத்தில் இருக்கும் காலி எடையையும் நம்ப முடியாது. பிறகு மாட்டிய சோலார் பேனல், சைக்கிள் தாங்கி, பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் பந்தல் துணி எதுவும் அதில் சேராது. சந்தேகம் வந்து ஓர் எடைமேடையில் ஏற்றினேன். 3,640. தண்ணீர்த் தொட்டி மட்டும் 110 லிட்டர், அதாவது 110 கிலோ. அன்றிலிருந்து இருபது லிட்டரோடு ஓட்டி, தங்கும் இடத்தில் நிரப்பிக்கொண்டோம். பாக்கி ஐம்பது கிலோவுக்கு என் டூல் பெட்டியா அவளுடைய தையல் மெஷினா என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினோம். இரண்டும் போயின, கூடவே இரண்டு மடக்கு நாற்காலியும்.

இதில் பாதியைப் பத்து நாள் வாடகை சொல்லிக் கொடுத்திருக்கும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றாலும் முதலில் அதே மாதிரி வண்டியை, அதே நீளத்தில், குளிர் காலத்தில் வாடகைக்கு எடுங்கள். சீசன் இல்லாததால் வாடகையும் குறைவு, உண்மையும் தெரியும். நடு ராத்திரி எழுந்தால் துணையின் மேல் ஏறித்தான் இறங்க வேண்டும் என்பது படத்தில் தெரியாது. மேஜையைப் பிரித்துத்தான் தினமும் கட்டில் போட வேண்டும் என்பது மூன்றாம் நாள்தான் உறைக்கும். ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருக்கும். சீட் பெல்ட்டை எண்ணினால் நாலுதான் இருக்கும். வண்டி சாய்ந்து நின்றால் கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் குளிராது. எங்கள் சிலிண்டரில் இருந்தது பியூட்டேன் என்ற வாயு. வெளியே வெப்பநிலை சுழியத்துக்கு இறங்கியதும் அது ஆவியாகவில்லை, அடுப்பும் இல்லை, ஹீட்டரும் இல்லை. புரொபேன் என்ற இன்னொரு வாயு மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகும் என்பதை அந்த ராத்திரி இரண்டு கம்பளிக்குள் இருந்து போனில் படித்தோம். போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். பழைய ஈய-அமில பேட்டரியில் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் அதைக் கெடுக்காமல் பாதியைத்தான் எடுக்கலாம் என்பது அதற்கு முந்தின வாரமே தெரிந்துவிட்டது.

இவ்வளவு புலம்பினாலும், வாங்கியது தப்பில்லை. இதைச் சொன்னால் என் தம்பியே நம்புவதில்லை. மனைவி ஒரு நோட்டில் ஒவ்வொரு ராத்திரியும் எங்கே தூங்கினோம் என்று எழுதிவந்தாள். ஏழு மாதம் என்று கிளம்பி, 163 ராத்திரியில் திரும்பினோம். அத்தனை ராத்திரிக்கு வாடகை கட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று பார்த்தேன். மரச்சட்டத்தைச் சரிசெய்த செலவு, டயர் எல்லாம் சேர்த்தும், திரும்பி வந்த அந்த மாதமே விற்றிருந்தால் எங்களுக்கு நல்ல லாபம். வசந்தகாலம், வாங்க ஆள் தேடி வரும் நேரம். ஒருவர் போனிலேயே நல்ல விலை கேட்டார்.

விற்கவில்லை. "இனிமே வருஷா வருஷம் போகலாம்" என்றேன்.

நோட்டில் அதுவும் இருக்கிறது. முதல் வருடம் 19 ராத்திரி. அடுத்தது 11. அதற்கடுத்தது 6. நான்காவது வருடம் அதில் தூங்கியது மச்சினன் மட்டும்தான். ஆனால் காப்பீடு 365 நாளுக்கும் கட்டினோம், சாலை வரி, ஆய்வு, நிறுத்தும் இடத்துக்கு வாடகை எல்லாமும்தான். நிற்கிற வண்டி செலவு வைக்காது என்று நினைக்கிறோம், நிற்கும்போதுதான் அது கெடுகிறது. சார்ஜ் இறங்கியபடியே கிடந்த பேட்டரி செத்தது. குளிருக்கு முன் குழாயில் இருந்த தண்ணீரை வடிக்க ஒரு வருடம் மறந்தேன், பம்ப் வெடித்தது. டயர் மறுபடி கிழடாகிக்கொண்டிருந்தது. இந்த நான்கு வருடச் செலவையும் இறங்கிய விலையையும் அந்த 36 ராத்திரிக்கும் மச்சினன் தூங்கிய ராத்திரிகளுக்கும் பங்கு போட்டால் வரும் எண்ணை நான் மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.

மச்சினன் என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை, பரவாயில்லை. "அத்தான், வண்டி சும்மாதானே நிக்குது" என்று கேட்டான். மறுக்க முடியுமா? கொண்டுபோனான், பதினொரு நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டான், கழுவிக்கூட விட்டிருந்தான். கழிப்பறைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கும், அதை வெளியே எடுத்துக் காலி செய்ய வேண்டும் என்று இரண்டு தடவை காட்டிக் கொடுத்திருந்தேன். நான் அடுத்து அந்தக் கதவைத் திறந்தது ஐந்து வாரம் கழித்து, கோடையில். அதைப் பற்றிக் கேட்டதற்கு அவன் சொன்னது: "நான் ஒரு தடவைதான் யூஸ் பண்ணேன் அத்தான்." இரவல் கேட்பவர்களுக்கு ஓட்டுவது மட்டும்தான் வண்டி. சொந்தமாக வாங்குபவர்கள் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியை யாருக்காவது கொடுக்கும்போது காப்பீடு செல்லுமா என்று பாருங்கள், காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் பெரும்பாலும் செல்லாது.

"பத்து வருடமாகச் சொந்த வண்டியில்தான் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை" என்று யாராவது கீழே எழுதுவார்கள். ஐயா, நீங்கள் வருடத்துக்கு இருநூறு ராத்திரி தூங்குகிறவர். உங்களுக்குச் சொந்தம்தான் சரி, நான் மறுக்கவே இல்லை. ஆனால் வேறு வீடே இல்லாமல் அதிலேயே குடியிருப்பதை எல்லாக் காப்பீடும் ஏற்பதில்லை, அதை மட்டும் ஒரு தடவை படித்துவிடுங்கள். இன்னொருவர் "உனக்குப் பராமரிக்கத் தெரியவில்லை" என்பார். தெரியவில்லைதான். கேள்வி கேட்டவருக்கும் தெரியாது என்ற நினைப்பில்தான் எழுதுகிறேன்.

வாடகைக்காரர்களும் ஒன்றும் தர்மசத்திரம் நடத்தவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருப்பார்கள், நீண்ட பயணத்தில் அதுதான் உதைக்கும். எடுத்த இடத்தில் விடாமல் வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம். சேதமானால் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை பெரிதாக இருக்கும்; அதைக் குறைக்கக் கூடுதலாகக் கட்டினாலும் கூரை, அடிப்பாகம், டயர் பல ஒப்பந்தங்களில் சேர்வதில்லை. மோட்டார்ஹோமில் அடிபடுவதே கூரைதான். வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள், கார் நிறுத்துமிடத்தின் தடுப்புக் கம்பி நம் ஞாபகத்துக்காகக் காத்திருக்காது. வண்டியை எடுக்கும்போது கூரை உட்பட எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். மாதக் கணக்கில் எடுத்தால் பேரம் பேசலாம், போட்டிருக்கும் தினக் கட்டணத்தை முப்பதால் பெருக்கிவிட்டு "அம்மாடி" என்று சொந்தம் பக்கம் ஓடாதீர்கள். நான் அப்படித்தான் ஓடினேன்.

இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் நீண்ட பயணிகளுக்கு வண்டியை விற்று, இத்தனை மாதம் கழித்து இன்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். விலை கொஞ்சம் அடிவாங்கும். ஆனால் விற்கும் தேதி ஒப்பந்தத்திலேயே இருக்கும். என்னைப் போன்றவர்களுக்கு அது போதும்.

வண்டியை ஐந்தாவது வருடம் விற்றோம், இலையுதிர் காலத்தில், யாரும் வாங்காத பருவத்தில். வாங்க வந்த இளைஞர் பையில் இருந்து ஈரமானியை எடுத்தார். அவர் ஒவ்வொரு மூலையாக அழுத்தியபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். சரிசெய்த மூலையை மறைக்காமல் சொல்லியிருந்தேன், விலையிலும் குறைத்துக்கொண்டார், அது நியாயம்தான்.

அப்புறம் இரண்டு தடவை வாடகைக்கு எடுத்துப் போனோம், 14 ராத்திரி ஒன்று, 20 ராத்திரி ஒன்று. போன தடவை சாவி வாங்கியதும் பழக்கத்தில் என் ஈரமானியை எடுத்துப் பின் மூலையில் அழுத்தினேன். எண் ஏறியது. நான் பதறிப்போய் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் படுக்கையில் கால் நீட்டிப் படுத்தபடி, "ஏங்க, இது நம்ம வண்டி இல்லைங்க" என்றாள்.