மெலிய வைக்கும் காப்பிக்கு 180 வெள்ளி (ரிங்கிட்) தரலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. கோலாலம்பூரில் பி.பி.ஆர். (அரசு மலிவு வீட்டுத் திட்ட) பிளாட்டில் 9ஆவது மாடியில் இருக்கிறோம். கிளீனர் வேலை. எடை 96 கிலோ. லிப்ட் அடிக்கடி பழுது. படி இறங்கினால் முட்டி வலி உயிர் போகிறது. ராத்திரி குறட்டை, வேலையில் தூக்கம் தூக்கமாக வருகிறது. காலையில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி), தே தாரிக் (கண்டென்ஸ்ட் பால் டீ). அப்புறம் ராத்திரி பத்து மணிக்குத்தான் வயிறாரச் சோறு. கோயிலில் "இன்னும் ஊதிட்டியே" என்கிறார்கள் என்று போவதையே விட்டுவிட்டேன். கிளினிக்கில் ஒருமுறை எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியதால் அங்கேயும் போவதில்லை. கூட வேலை செய்யும் அக்கா, மெலிய வைக்கும் காப்பி ஒரு டப்பா 180 வெள்ளி என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. இந்த மாதிரிக் காப்பி, ஜூஸ் பாக்கெட்டுகளில் சிபுத்ராமின் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்துத் தடை செய்திருக்கிறது. பசியை அடக்கும் மருந்து அது. மாரடைப்பு, பக்கவாதம் வரும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிற அக்காவுக்கே தெரிந்திருக்காது.

96 என்ற எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். எடை ஒருவரை எப்படியெல்லாம் நெருக்குகிறது என்று அறிய ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 31 கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. நடமாட்டம், தன்மதிப்பு, தாம்பத்தியம், வெளி இடங்களில் கூச்சம், வேலை என்று ஐந்து பக்கமும் கேட்கும். யாரும் கேட்காமலே நீங்கள் நடமாட்டம், கூச்சம், வேலை என்று மூன்றைச் சொல்லிவிட்டீர்கள். சரிசெய்ய வேண்டியதும் அவற்றைத்தான். லிப்ட் பழுதாவதற்கு உங்கள் எடையா காரணம்? நாள் முழுக்க மாப் போட்டு வாளி தூக்குகிறவரிடம் "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிளினிக்கிற்குத் திரும்பப் போக வேண்டும். அரசு கிளினிக்கில் 1 வெள்ளிதான். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் எஸ்.டி.ஆர். உதவித்தொகை உங்கள் குடும்பத்துக்கு வருகிறது என்றால் இன்னொரு வழியும் உண்டு. 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பெக்கா பி40 என்ற அரசுத் திட்டத்தில், பதிவு பெற்ற தனியார் கிளினிக்கிலேயே சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். டாக்டரிடம் முட்டி வலியையும் குறட்டையையும் முதலில் சொல்லுங்கள், எடைப் பேச்சு அப்புறம் வரட்டும். குறட்டையோடு பகல் தூக்கமும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதோ என்று பார்க்க வேண்டும். இதைச் சும்மா விடாதீர்கள். எடை பார்க்கும்போது நாலு பேர் காதில் விழாமல் பார்க்கச் சொல்லிக் கேட்பதிலும் தப்பில்லை.

குறைக்க வேண்டியது எவ்வளவு? முதலில் ஐந்து கிலோ போதும். முட்டித் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்வில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைந்தது. உங்கள் எடையில் ஐந்து கிலோ என்பது ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அந்த அளவிலேயே இறங்கத் தொடங்கும்.

சாப்பாட்டில் எனக்குக் கண்ணில் பட்டது அந்தப் பத்து மணிச் சோறுதான். பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கை தானாகவே தட்டை நிரப்பும். அது பேராசை இல்லை, பசி. சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு அவித்த முட்டை, இல்லையென்றால் வறுத்த தெம்பே (புளிக்க வைத்த சோயாக் கட்டி) நாலு துண்டு, டப்பாவில் கொண்டு போங்கள். இரண்டுமே மலிவு. ராத்திரித் தட்டில் காங்கோங் கீரையைப் பாதிக்கு வைத்துவிட்டு மிச்ச இடத்தில் சோற்றைப் போடுங்கள். ரொட்டி சானாய் வாரத்தில் ஓரிரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும். தே தாரிக்கை மட்டும் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ) ஆக்கிவிடுங்கள். அந்தக் கண்டென்ஸ்ட் பாலின் சீனி வயிற்றை நிரப்பாமலே உடம்பில் ஏறுகிறது.

கோயிலை ஏன் விட்டுக்கொடுக்கிறீர்கள்? போங்கள். மறுபடி யாராவது "ஊதிட்டியே" என்றால், "முட்டி வலிக்குதுக்கா, அந்த நாற்காலியக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.