புடவையில் மயில், கம்பியில் பனங்காடை

வாசகர் கேள்விகள்

குடியாத்தம் வாசகி: அக்கா பெண் கல்யாணத்துக்கு ஆரி ஒர்க் ப்ளவுஸ் கொடுத்திருக்கிறோம், முதுகில் இரண்டு மயில், கையில் கிளிகள். எட்டாவது படிக்கும் என் மகளின் டீ-ஷர்ட்டில் பெரிய பஞ்சவர்ணக்கிளி. ஆனால் எங்கள் வாசலில் கரண்டுக் கம்பியில் தினமும் உட்காரும் பறவையின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. உட்கார்ந்தால் பழுப்பு, பறந்தால் நீலம். இப்படி உடம்பெல்லாம் பறவையைப் போட்டுக்கொள்வதால் பறவை மேல் அக்கறை வருமா சார்?

முதலில் கம்பியில் இருப்பது யார் என்று சொல்லிவிடுகிறேன். அது பனங்காடை. உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில் சாதாரணமாகத் தெரியும்; வெட்டுக்கிளியையோ வண்டையோ பார்த்துக் கீழே பாயும்போதுதான் இறக்கை விரிந்து கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக வெளியே வரும். அந்த நீலத்தை எந்தப் பட்டுக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். போட்டுக்கொள்வதால் மட்டும் அக்கறை வராது. அதற்காக மயில் வேலைப்பாட்டைக் குறை சொல்லவும் மாட்டேன். நம் புடவை நிறங்களின் பெயர்களையே பாருங்கள், கிளிப்பச்சை, மயில்கழுத்து. மயிலின் கழுத்தில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி படுவதால் வரும் நிறம் அது, அதனால்தான் மயில் கழுத்தைத் திருப்பத் திருப்ப நீலமும் பச்சையுமாக மாறுகிறது. நம் நெசவாளர்கள் அந்த மாற்றத்தைப் பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் போட்டுத் துணியில் பிடித்துவிட்டார்கள், புடவை மடிப்பு அசையும்போது நிறமும் அசைகிறது. மயிலை நின்று பார்க்காதவருக்கு இது தோன்றியிருக்காது.

வேலூர்க் கோட்டைக்குப் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். நடுவில் தாமரை, சுற்றிலும் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். கொய்யா மரத்தில் கிளி பழம் தின்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அப்படித்தான் தொங்கும். அந்தச் சிற்பியும் பார்த்திருக்கிறார்.

இன்றைக்கு ஆரி சட்டத்தில் ஏறும் மயில் இன்னொரு ப்ளவுஸின் போட்டோவிலிருந்து வருகிறது, அந்த ப்ளவுஸ் வேறொன்றின் போட்டோவிலிருந்து. நடுவில் எங்கேயோ பறவை கழன்றுவிட்டது. அதனால்தான் நீளத் தோகை இல்லாத பெண்மயிலை யாரும் தைப்பதில்லை, செம்போத்தும் மடையானும் யார் முதுகிலும் ஏறுவதில்லை, தென், மத்திய அமெரிக்கக் காடுகளில் வாழும் பஞ்சவர்ணக்கிளி மட்டும் குடியாத்தத்துப் பிள்ளையின் சட்டைக்கு வந்துவிடுகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. அழகு என்று மட்டும் தெரிந்து அது எப்படி வாழ்கிறது என்று தெரியாமல் போனால், கடைசியில் கூண்டு வாங்கத்தான் தோன்றும். பச்சைக்கிளியைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதே பல வீடுகளில் தெரியாது.

மகளிடம் ஒரு வெள்ளை டீ-ஷர்ட்டும் துணிக்குப் போடும் பெயின்ட்டும் வாங்கிக் கொடுத்து, அந்தப் பனங்காடையை வரையச் சொல்லுங்கள். வால் எவ்வளவு நீளம், நெஞ்சு என்ன நிறம் என்று நடுவில் சந்தேகம் வரும், வாசலுக்கு ஓடிப் பார்ப்பாள். அப்புறம், பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. இருக்கும் இடத்திலேயே 15 நிமிடம் நின்று பார்த்ததைக் குறித்து, இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் போதும். அவள் பட்டியலில் பனங்காடை முதலில் வரட்டும்.

ஆரணி வாசகர்: பட்டுத் தறி ஓட்டுகிறேன். அன்னப்பட்சி பார்டர் நிறைய நெய்திருக்கிறேன். நிஜத்தில் அப்படி ஒரு பறவை உண்டா?

வால் கொடியாகச் சுருண்டிருக்கும் பறவை இல்லை, பாலையும் நீரையும் பிரிக்கும் பறவையும் இல்லை. ஆனால் அன்னம் என்று நம் முன்னோர் சொன்னது வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு. இமயத்தைத் தாண்டிப் பறந்துவந்து, குளிர்காலத்தில் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் இறங்கும். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கருப்புக் கோடுகள், அதுவே ஒரு பார்டர் மாதிரி இருக்கும். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து நெய்யுங்கள். அந்தப் புடவையைப் பார்க்க எனக்கு ஆசை.

காட்பாடி கல்லூரி மாணவி: நிஜ மயிலிறகில் செய்த கம்மல் வாங்கலாமா?

தானே உதிர்ந்த மயிலிறகை நம் நாட்டுக்குள் விற்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. ஆண்மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தோகையை உதிர்த்துவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் நான் வாங்கச் சொல்லமாட்டேன், ஏனென்றால் இறகு ஃபேஷனாகும்போது என்ன நடக்கும் என்பதை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது.

நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிக்குக் கொக்கின் இறகு வேண்டியிருந்தது. காட்பாடிப் பக்கத்து ஏரிகளில் நிற்குமே சின்ன வெள்ளைக்கொக்கு, அதுவும் அதன் இனத்தவையும்தான். முதுகில் அந்த மெல்லிய இழை இறகுகள் கொக்குக்கு வளர்வது இனப்பெருக்கக் காலத்தில், அதாவது கூட்டில் குஞ்சு இருக்கும்போது. தாயைச் சுட்டார்கள், குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அதை எதிர்த்துக் கிளம்பியவர்களும் பெண்கள்தான். 1889-இல் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் தொடங்கிய சிறு சங்கம்தான் இன்று பிரிட்டனின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பாக வளர்ந்திருக்கிறது. இந்தியாவிலிருந்து இறகு ஏற்றுமதி 1902-இல் தடை செய்யப்பட்டது, பிரிட்டன் 1921-இல் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் போட்டது.

கம்மலுக்கு இறகின் அடித்தண்டை வெட்டிவிடுகிறார்கள், அதனால் உதிர்ந்ததா பிடுங்கியதா என்று கடைக்காரருக்கே தெரியாது. சில்க் த்ரெட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஜிமிக்கி கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.