இங்கிலாந்தில் உள்ள லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் பொறியியல் கட்டடத்தில் விரிவுரை அரங்கு ஏன் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது?

அழகுக்காக நீட்டியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் காரணம் உள்ளே இருக்கிற இருக்கைகள். பின்வரிசையில் இருப்பவருக்கும் கரும்பலகை தெரியவேண்டுமானால் வரிசைகள் படிபோல உயர வேண்டும், அப்படி உயர்ந்தால் தரையும் சாயும். பெரும்பாலான கல்லூரிகளில் அந்தச் சாய்வைச் சுவர் வைத்து மறைத்துவிடுவார்கள். 1963-ல் முடிந்த இந்தக் கட்டடத்தில், அதை வடிவமைத்த கட்டடக்கலைஞர்கள் ஜேம்ஸ் ஸ்டெர்லிங்கும் ஜேம்ஸ் கோவனும் அந்தச் சாய்வை மறைக்கவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சிவப்பு ஓடு பதித்த அந்தச் சாய்ந்த அடிப்பகுதி தலைக்குமேல் அப்படியே தெரியும்.

சரி, நுனியில் தூண் இல்லாமல் எப்படி நிற்கிறது? திண்ணையில் ஒரு பலகையை வைத்துப் பாதியை வெளியே நீட்டி, உள்பக்கம் அம்மிக்கல்லை ஏற்றினால் பலகை கவிழாது இல்லையா, அதேதான். மேலே எழும்பும் கோபுரத்தின் எடைதான் இங்கே அம்மிக்கல். கட்டமைப்புப் பொறியாளர் பிராங்க் நியூபி.

எனக்கு ரொம்பப் பிடித்தது பக்கத்தில் இருக்கும் கண்ணாடிச் சுழல் படிக்கட்டு. தாமதமாக வரும் மாணவர் அதில் ஏறி அரங்கின் பின்பக்கமாக நுழையலாம், பேசுகிறவருக்குத் தொந்தரவு இல்லை. பிந்தி வருகிறவனையும் மதித்து ஒரு வழி அமைத்திருக்கிறார்கள் பாருங்கள், நல்ல கட்டடக்கலை என்று நான் சொல்வது இதைத்தான்.

அப்புறம், கோபுர உச்சியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நீரியல் சோதனைகளுக்குச் சுமார் 100 அடி உயர நீரழுத்தம் தேவைப்பட்டதால் வந்தது அது.