கல்ச்சரில் (சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ‘சென்சிட்டிவ்’, அதாவது கிருமி அதற்கு அடங்கும், என்று வந்த மருந்தை முழுக்க எடுத்தும் சிறுநீர்த் தொற்று திரும்பியது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா?

பழகாமலும் தப்பலாம். கொழும்பில் ஒரு லேப்பில் கல்ச்சர் பார்ப்பது என் வேலை. ஒரு குளிசையும் விடாமல் போட்ட அக்காமார் இதே கேள்வியோடு வரும்போது எனக்கும் மனம் கஷ்டப்படும்.

1944இல் ஜோசப் பிகர் என்ற மருத்துவர் ஸ்டெபிலோகொக்கஸ் கிருமிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார். அநேகமாக எல்லாம் செத்தன. பத்து லட்சத்தில் ஒன்று என்கிற அளவில் சில மிஞ்சின. மிஞ்சியதை வளர்த்து மறுபடி பெனிசிலின் கொடுத்தால், அந்தச் சந்ததியும் முன்போலவே செத்தது. அப்படியென்றால் எதிர்ப்புச் சக்தி எதுவும் வரவில்லை. அவற்றுக்குப் ‘பெர்சிஸ்டர்’ என்று பெயர் வைத்தார்.

பெனிசிலின் வகை மருந்து, கிருமி தன் செல் சுவரைக் கட்டும் வேலையைத்தான் குழப்பும். வளராமல் உறங்குகிற கிருமியில் குழப்புவதற்கு வேலையே நடப்பதில்லை. எல்லா நெல்லையும் விதைக்காமல் கொஞ்சம் விதைநெல்லாக எடுத்து வைப்பது மாதிரி, ஒரு கூட்டத்தில் எப்போதும் சிலது உறங்கிக் கிடக்கும்; மருந்து நின்ற பிறகு அவை விழித்து மறுபடி பெருகலாம். 2004இல் நதாலி பாலபன் குழுவினர் ஈ. கோலை என்ற கிருமியை ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். தப்பியவை, மருந்து வருவதற்கு முன்பே வளர்ச்சி மந்தமாக இருந்தவை! பட்டினியும் உறங்க வைக்கும். கதீட்டரில் (சிறுநீர் வெளியேறச் செருகும் குழாய்) படலமாக ஒட்டியிருக்கும் கிருமிகள் இலேசில் சாகாததற்கு அதுவும் ஒரு காரணம். காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து போடச் சொல்வதும் இப்படி மெதுவாக வளரும், உறங்கும் கிருமிகளுக்காகத்தான்.

சரி, ரிப்போர்ட் பொய்யா? இல்லை. தட்டில் கிருமியைப் பூசி, மேலே மருந்து வில்லைகளை வைத்து ஓரிரவு விடுவோம். காலையில் வில்லையைச் சுற்றித் தெளிவான வட்டம் இருந்தால் அங்கே கிருமி வளரவில்லை என்று அர்த்தம். அந்த விட்டத்தை அளந்துதான் ‘சென்சிட்டிவ்’ என்று எழுதுகிறோம். வட்டத்துக்குள் உறங்கிக் கிடப்பது எங்கள் கண்ணுக்குத் தெரியாது.

உங்களுக்கு நடந்தது இதுதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். புதுத் தொற்றாக இருக்கலாம், கல் இருக்கலாம், சீனி வருத்தம் இருக்கலாம். பழைய மருந்துத் துண்டைக் காட்டி பார்மசியில் அதே குளிசையை வாங்கிப் போடாமல் டாக்டரிடம் போங்கள். அடுத்த மருந்து தொடங்குவதற்கு முன்னமே கல்ச்சருக்கு யூரின் கொடுங்கள். தொடங்கிய பிறகு கொடுத்தால் தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம்.