ஹைட்ரஜன் குளோரைடு சகப்பிணைப்புச் சேர்மம்தானே, நீரில் கரைந்தால் மட்டும் எப்படி மின்சாரத்தைக் கடத்துகிறது?

சகப்பிணைப்பு என்றால் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு இணைவது. ‘சகப்பிணைப்புச் சேர்மங்கள் மின்சாரத்தைக் கடத்தாது’ என்று பாடத்தில் வரும் வரி, தூய நிலையில் இருக்கும் பொருளைப் பற்றியது. நீரில் போட்ட பிறகு கேட்க வேண்டிய கேள்வியே வேறு: அது மூலக்கூறாகவே கரைகிறதா, நீருடன் வினைபுரிந்து அயனிகளை, அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்களைத் தருகிறதா?

சோடியம் குளோரைடில் அயனிகள் முன்பே இருக்கின்றன. நீர் அவற்றைப் பிரித்தால் போதும். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவில் அயனியே கிடையாது. நீர் மூலக்கூறு புரோட்டானை (H⁺) எடுத்துக்கொள்வதால்தான் ஹைட்ரோனியம் (H₃O⁺), குளோரைடு (Cl⁻) அயனிகள் புதிதாக உண்டாகின்றன. இதற்கான ஆற்றல் கணக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஒரு மோல் ஹைட்ரஜன் குளோரைடை வாயு நிலையில் தனி அயனிகளாக்க ஏறத்தாழ 1,395 கிலோஜூல் தேவை. அந்த அயனிகளை நீர் மூலக்கூறுகள் சூழும்போது வெளிப்படுவது சுமார் 1,470. மீதி 75 கிலோஜூல் வெப்பமாக வெளியேறுகிறது. டொலுவீன் என்ற கரிமக் கரைப்பானில் கரைத்தால் அயனிகளை இப்படித் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. அதனால் கரைசல் மின்சாரத்தைக் கடத்தாது, உலர்ந்த நீல லிட்மஸும் நிறம் மாறாது.

அசிட்டிக் அமிலமும் இதே வினையைத்தான் செய்கிறது, ஆனால் அரைகுறையாக. 25 டிகிரியில் 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) கரைசலில் நூற்றுக்கு 1.3 மூலக்கூறுதான் அயனியாகும். அம்மோனியாவும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அது நீரிடமிருந்து புரோட்டானை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடை விட்டுவைக்கும். சர்க்கரை, யூரியா, எத்தனால் மூன்றும் நன்றாகக் கரையும், அயனி தராது. நன்றாகக் கரைவதை வைத்தே மின்பகுளி (அயனிகளைத் தந்து மின்சாரத்தைக் கடத்தும் பொருள்) என்று முடிவு கட்டுவதுதான் தேர்வுத்தாளில் அதிகம் காணும் பிழை.

செய்து பார்க்க 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் மின்தடை, ஒரு சிவப்பு எல்இடி, இரண்டு கார்பன் தண்டுகள் போதும். எல்லாவற்றையும் தொடராக இணைத்து, தண்டுகளை 1 செ.மீ. இடைவெளியில் ஒரே ஆழத்துக்கு இறக்குங்கள். ஒவ்வொரு கரைசலுக்கும் இடைவெளியும் ஆழமும் மாறினால் வெளிச்சத்தை ஒப்பிட முடியாது. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (ஹைட்ரஜன் குளோரைடு நீரில் கரைந்த கரைசல்) விளக்கு பளிச்சென்று எரியும். அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தில் மங்கலாக எரியும். தண்டுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில விநாடிகளுக்கு மேல் வைக்காதீர்கள், நேர்மின்வாயில் (பேட்டரியின் நேர்முனையோடு இணைந்த தண்டில்) குளோரின் வாயு வரும். காற்றோட்டமான இடமாக இருக்கட்டும்.

சர்க்கரைக் கரைசலில் எல்இடி எரிந்தால் சர்க்கரையைச் சந்தேகிக்காதீர்கள், தண்ணீரைச் சந்தேகியுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்பே மங்கலாக எரியவைக்கப் போதும். முதலில் காய்ச்சி வடித்த நீரை மட்டும் வைத்துச் சோதித்துவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்டுகளை அதே நீரில் கழுவுங்கள். வெல்லம் வேண்டாம், அதில் தாது உப்புகள் உண்டு. கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடியிலும் பல வகைகளில் உப்பு சேர்த்திருப்பார்கள், அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இதே கேள்வி நீரற்ற அலுமினியம் குளோரைடுக்கும் வரும். அதுவும் சகப்பிணைப்புதான், உருகிய நிலையில் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும். நீரில் போட்டால் சீறிக்கொண்டு சூடாகி, ஆறு நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த அலுமினியம் அயனியும் குளோரைடும் உண்டாகும். கரைசல் நன்றாகக் கடத்தும், அமிலத்தன்மையும் காட்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். நிறைய குளிர்ந்த நீரில் சிட்டிகை சிட்டிகையாக, ஆய்வகத்தில் புகையை வெளியே இழுக்கும் பெட்டியின் (fume hood) உள்ளே வைத்துச் சேர்க்க வேண்டும்.