விசிலை எண்ணுவது யார்?

கேள்வி: ஓராண்டாகக் காலை 5.30 மணிக்குத் தியானத்தில் அமர்கிறேன். கண்ணை மூடியதும் அடுக்களையின் குக்கர் விசில், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் முன்பைவிடப் பலமாகக் கேட்கின்றன. புலன்களை அடக்குவதே பிரத்தியாகாரம் என்கிறார்கள். காதில் பஞ்சு வைத்தும் பார்த்துவிட்டேன். என்னிடம் என்ன குறை?
– வாசகி, கும்பகோணம்

பதில்: குறை உங்களிடம் இல்லை, ‘அடக்குவது’ என்ற சொல்லை நாம் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. யோகத்தின் எட்டு அங்கங்களில் ஐந்தாவதான பிரத்தியாகாரத்தைப் பதஞ்சலி, தம் யோக சூத்திரத்தின் இரண்டாம் பகுதியான சாதன பாதத்தின் 54-ஆம் சூத்திரத்தில் விளக்கும்போது, புலன்கள் தத்தம் விஷயங்களைப் பற்றாமல் சித்தத்தின் போக்கையே பின்பற்றுவனபோல் நிற்கும் நிலை என்கிறார். அதாவது, முதலில் திரும்ப வேண்டியது மனம். புலன்கள் அதன் பின்னே வருபவை. இதற்கு வியாசரின் உரை தரும் உவமை, தலைமைத் தேனீ பறந்தால் கூடவே பறந்து, அது அமர்ந்தால் தாமும் அமர்ந்துவிடும் தேனீக்கள். (நாம் ராணி என்பதை அவர் அரசன் என்கிறார், உவமைக்கு அதனால் பழுதில்லை.) காதில் பஞ்சு வைப்பது, தேனீக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூட்டில் அடைக்கிற வேலை.

‘அஞ்சும் அடக்கடக் கென்பர் அறிவிலார்’ என்று திருமூலரே கடிந்திருக்கிறார். ஐந்தும் அடங்கிவிட்டால் எஞ்சுவது உணர்வற்ற சடம் என்பது அவர் வாதம். அப்படியானால் ‘ஆமைபோல் ஐந்தடக்கல்’ என்ற 126-ஆம் குறள் இதற்கு முரணா என்று கேட்பீர்கள். இல்லை. ஆமை தன் கால்களை வெட்டிக்கொள்வதில்லை. வேண்டும்போது உள்ளிழுக்கிறது, வேண்டும்போது நீட்டுகிறது.

குக்கரையே எடுத்துக்கொள்வோம். விசில் காதில் விழுவது செவியின் தொழில். அது மூன்றாவதா நான்காவதா என்று எண்ணுவதும், அடுப்பை அணைத்தார்களா என்று எழுந்து பார்க்கத் துடிப்பதும் மனத்தின் தொழில். ஒலியை விரட்ட முயலாமல், எண்ணத் தொடங்கும் அந்தக் கணத்தைக் கண்டுகொண்டு மூச்சிடம் திரும்புங்கள். ஒரு அமர்வில் ஐம்பது முறை திரும்ப நேர்ந்தாலும் அது தோல்வியன்று, அதுவே பயிற்சி. முன்பும் இதே ஒலிகள்தாம் இருந்தன; வேலைப் பரபரப்பில் நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவே. கூடுமானவரை குக்கரை ஏற்றுவதற்கு முன்பே அமர்ந்துவிடுங்கள். அதில் தத்துவம் ஏதுமில்லை, வசதிதான்.

கேள்வி: மூச்சை எண்ணுவது பிரத்தியாகாரமா, தாரணையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தாரணை. சித்தத்தை ஓரிடத்தில் கட்டி நிறுத்துவதே தாரணை என்று யோக சூத்திரத்தின் மூன்றாம் பகுதியான விபூதி பாதத்தின் முதல் சூத்திரம் சொல்கிறது. அதே பாதம் தாரணை, தியானம், சமாதி மூன்றையும் அகத்துக்கு நெருங்கிய அங்கங்களாகப் பிரிப்பதால், பிரத்தியாகாரம் புற அங்கங்களில் கடைசியாக, வாசற்படிபோல் நிற்கிறது. நடைமுறையில் எண்ணிக்கை தவறி, அதை உணர்ந்து திரும்பும்போது படியைத் தாண்டுகிறீர்கள். மறுபடி எண்ணத் தொடங்கும்போது உள்ளே இருக்கிறீர்கள்.