படகு எஞ்சினில் ஆயில் ஃபில்டர்: சிந்தாமல் மாற்றுவது எப்படி?

கேள்வி: ஐயா, விசைப்படகு வைத்திருக்கிறேன், ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். ஆயில் ஃபில்டர் பக்கவாட்டில் படுக்கை வசமாக இருப்பதால், கழற்றும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் வழிந்து படகின் அடித்தண்ணீரில் கலந்துவிடுகிறது. அந்த வாடை மீன் அறை வரை வருகிறது. தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போவதற்குள் சிந்தாமல் மாற்ற வழி உண்டா?
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: உண்டு. முதலில், எண்ணெய் ஏன் கொட்டுகிறது என்று பார்த்துவிடுவோம். எஞ்சினை நிறுத்திய பின்னும் ஃபில்டர் காலியாவதில்லை. மறுமுறை ஸ்டார்ட் செய்தவுடன் பேரிங்குகளுக்குத் தாமதமின்றி எண்ணெய் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக, உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் வால்வு அதைத் திரும்பிப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. மரை தளர்ந்து ரப்பர் வளையம் விலகிய நொடியில், அவ்வளவு எண்ணெயும் கீழ்விளிம்பு வழியாக வெளியேறிவிடும். ஆகவே கழற்றுவதற்கு முன்பே ஃபில்டரைக் காலி செய்துவிட வேண்டும்.

படகு தண்ணீரில் இருக்கும்போதுதான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டினால் எண்ணெய் இளகும். கடல்நீரால் குளிரும் எஞ்சினைக் கரையில் ஏற்றிய படகில் அப்படி ஓட்ட முடியாது. எனவே இம்முறை படகை இறக்கிய பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு முதல், ஏப்ரல் 15-இல் தடை தொடங்கும் முன்பே எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுப் படகை ஏற்றுவது நல்லது. பழைய எண்ணெயில் சேர்ந்திருக்கும் அமிலம் 61 நாட்கள் பேரிங்குகளின் மேல் படிந்து கிடப்பதை நான் விரும்பமாட்டேன்.

எஞ்சினை நிறுத்திய பின் கால் மணி நேரம் பொறுங்கள். புதிய ஃபில்டரின் மரையும் வளையமும் பழையதற்குப் பொருந்துகின்றனவா என்று இப்போதே பார்த்துவிடுங்கள், ஏனெனில் பழையதில் துளையிட்ட பிறகு எஞ்சினை ஓட்ட முடியாது. ஐந்து லிட்டர் கேன் ஒன்றைப் பக்கவாட்டில் வெட்டி ஃபில்டருக்கு அடியில் வையுங்கள். பழைய ஃபில்டரின் வெளிமுனையில், மிகத் தாழ்ந்த இடத்தில் கூரான ஆணியால் ஒரு துளையிடுங்கள். பிறகு அதற்கு நேர் மேலே இன்னொன்று. கீழ்த்துளையில் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த எண்ணெய், மேலே காற்றுக்கு வழி கிடைத்ததும் நூல் பிடித்தாற்போல் இறங்கும். அது நின்ற பிறகு, ஐந்து கிலோ அரிசி வரும் தடித்த பையை ஃபில்டரின் மேல் மாட்டி, பெல்ட் ஸ்பேனரால் ஒரு சுற்றுத் தளர்த்தி, மீதியைப் பையோடு சேர்த்துக் கையால் திருகி எடுங்கள். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே அடித்துச் சுழற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. தகடு கிழிந்துவிட்டால் பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது, அதைச் செய்யாதீர்கள்.

இனி நான் சொல்வதைத் தயவுசெய்து ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். கழற்றிய ஃபில்டரின் வாயைத் திருப்பி, ரப்பர் வளையம் அதிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் அது எஞ்சின் பக்கமே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கரி படிந்து கறுத்திருப்பதால் டார்ச் அடித்தாலும் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் தெரியும். அதன் மேலேயே புதியதை முடுக்கினால் இரண்டு வளையங்களும் ஒன்றன் மேல் ஒன்று நிற்கமாட்டாமல், எண்ணெய் அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிடும். பிறகு ஓரிரு நிமிடங்களுக்குள் எஞ்சினில் உள்ள எண்ணெய் முழுவதும் படகின் அடியில் கிடக்கும். கழற்றும்போது சிந்துவது இதற்கு முன் ஒன்றுமே இல்லை.

பரப்பைத் துடைத்து, புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, அது தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று கையாலேயே முடுக்குங்கள். ஃபில்டரின் மேல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள். ஸ்பேனர் வேண்டாம். படுக்கை வசமான ஃபில்டரில் முன்கூட்டியே எண்ணெய் நிரப்புவதில் பயனில்லை. எஞ்சினை ஓட்டி, சில நொடிகளில் ஆயில் மீட்டர் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஏறாவிட்டால் உடனே நிறுத்துங்கள். பிறகு வளையத்தைச் சுற்றிக் கசிவு பார்த்து, நிறுத்திய பின் டிப்ஸ்டிக்கில் அளவைச் சரிசெய்யுங்கள்.

இத்தனைக்கும் தப்பிச் சில சொட்டுகள் அடித்தண்ணீரில் விழத்தான் செய்யும். சோப்புத் தூளைப் போட்டுக் கலக்கிப் பம்பு வழியாக வெளியேற்றுவது தீர்வாகாது. எண்ணெய் நுண்துளிகளாகிக் கண்ணுக்கு மறைகிறதே தவிர, அப்படியே துறைமுக நீரில் மீன்குஞ்சுகளிடம்தான் போய்ச் சேருகிறது. பனியன் வேஸ்ட் முதலில் தண்ணீரைக் குடித்துவிடும். இதற்கு இலவம் பஞ்சுதான் ஏற்றது. அதன் இழை உள்ளே குழாய்போல் வெற்றிடமாகவும் வெளியே மெழுகுப் படலத்துடனும் இருப்பதால், தண்ணீரை விலக்கி எண்ணெயை மட்டும் இழுத்துக்கொண்டு மிதக்கிறது. பழைய தலையணைப் பஞ்சைக் கிழிந்த வலைத் துண்டில் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, வேலை தொடங்கும் முன்பே பம்பின் வாய்க்கு அருகில் போட்டு வையுங்கள். பம்பு தானாக இயங்கும் வகை என்றால், வேலை முடிந்து நீர்ப்பரப்பு தெளியும் வரை அதை நிறுத்தி வைப்பது அவசியம்.

கேள்வி: கழற்றிய ஃபில்டரையும் பழைய எண்ணெயையும் என்ன செய்வது? மரப்படகுக்குப் பூசலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: பூச வேண்டாம். எஞ்சின் தேய்மானத்தின் உலோகத் துகள்கள் அதில் இருக்கின்றன. பூசியது சிறிது சிறிதாகக் கடலுக்கே போகும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரக் கழிவு. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கே போக வேண்டும். அவர்களுக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பிலோ ஆயில் கடையிலோ கேட்டுக் கொடுங்கள். ஃபில்டரை ஓர் இரவு முழுவதும் வாளியில் கவிழ்த்து வடித்து, வடிந்ததையும் பழைய எண்ணெய் ஊற்றி வைத்த, மூடியுள்ள கேனில் சேருங்கள். டீசலோ கடல்நீரோ கலந்துவிட்டால் எடுத்துக்கொள்ளத் தயங்குவார்கள் என்பதால், அந்தக் கேனை வேறு எதற்கும் பயன்படுத்தாமல் மூடியை இறுக்கித் தனியே வையுங்கள்.